தடைக்கால மீனும் கரண்டு போகும் ஃப்ரீசரும்

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "ஜூன் மாதம் மீன்பிடித் தடைக்காலம் வருகிறது, இப்போதே 10 கிலோ மீன் வாங்கி ஃப்ரீசரில் போட்டுவையுங்கள் என்கிறார் வீட்டுக்கு வரும் மீன் வியாபாரி. பாதியைக் குழம்பாக வைத்தே உறைய வைக்கலாம் என்று நினைக்கிறேன். வீட்டில் டபுள் டோர் ஃப்ரிட்ஜ் இருக்கிறது. மழையில் கரண்டு போனால் எல்லாம் கெட்டுவிடுமா?"

கரண்டுக்கு இவ்வளவு பயப்பட வேண்டாம். நிறைந்த ஃப்ரீசரைத் திறக்காமல் விட்டால் ஏறக்குறைய 48 மணி நேரம் தாங்கும். பாதி நிறைந்திருந்தால் 24. உருகிவிட்டதா என்று அடிக்கடி திறந்து பார்த்தால் இந்தக் கணக்கு செல்லாது. ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு நாணயத்தை வைத்துவிடுங்கள். கரண்டு வந்தபிறகு நாணயம் அடியில் கிடந்தால் உள்ளே எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள், யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். மேலேயே இருந்தால் பயமில்லை. 2017 ஓகி புயலில் நடந்ததுபோல் நாட்கணக்கில் கரண்டு இல்லையென்றால் எந்த ஃப்ரீசரும் உதவாது, அது வேறு விஷயம்.

என் கவலையெல்லாம் அந்த வியாபாரி சொன்ன 10 கிலோ மேல்தான். தடைக்காலம் என்றால் கடலில் மீனே பிடிக்க மாட்டார்கள் என்று ஒரு பயத்தைக் கிளப்பி, பழைய சரக்கைத் தள்ளிவிடுவது வருஷா வருஷம் நடக்கிறது. தடை விசைப்படகுகளுக்குத்தான். வள்ளம் என்கிற நாட்டுப்படகும் கட்டுமரமும், கடல் விட்டால், போய்க்கொண்டுதான் இருக்கும். அதோடு நம் மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம்: மேற்குக் கரையில் குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, கிழக்குக் கரையில் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஆக, ஜூன் 15-லிருந்து சின்னமுட்டத்துப் படகுகள் கடலுக்குப் போகும். விலை ஏறும், உண்மை. அதற்காக இரண்டு மாத மீனை வீட்டில் அடுக்க வேண்டுமா?

ஃப்ரீசர் கிருமியைக் கொல்லாது, தூங்கத்தான் வைக்கும். உள்ளே வைக்கும்போது மீன் எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில்தான் வெளியே வரும். இதில் சாளை (மத்தி), அயலை (கானாங்கெளுத்தி), சூரை, நெய்மீன் (வஞ்சிரம்) நான்கையும் தனியாகச் சொல்ல வேண்டும். இவை ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் சதையில் உண்டாகும். பார்த்தால் தெரியாது, நாற்றமும் வராமல் இருக்கலாம். உறைய வைத்தாலும் போகாது, எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது, புளி ஊற்றினாலும் போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவக்கும், உடம்பு அரிக்கும், தலை வலிக்கும். "எனக்கு அயலை ஒத்துக்காது" என்கிற சிலருக்கு உண்மையில் மீன் ஒத்துக்கொள்ளாமல் இல்லை, வண்டியில் ஐஸ் இல்லை. அதனால் இந்த நான்கையும் கடற்கரை ஏலத்திலிருந்து ஐஸோடு வந்தால் மட்டும் வாங்குங்கள். ஏற்கெனவே உருகிய மீனை 'ஃப்ரெஷ்' என்று கொடுத்தால் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று: கெடாமல் இருக்க ஃபார்மலின் என்ற ரசாயனம் கலந்த மீனைக் கண்டுபிடிக்கும் சோதனைத் தாளைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் 2018-லேயே கொண்டுவந்துவிட்டது. நம் சந்தைகளில் அதை யாராவது பார்த்திருக்கிறீர்களா? ஒருநாள் ரெய்டு, பேப்பரில் ஒரு போட்டோ, அடுத்த நாள் அதே பெட்டி அதே இடத்தில்.

சரி, குழம்பு. தேங்காய் அரைத்த மீன் குழம்பும், தேங்காயை வறுத்தரைத்து வைக்கும் தீயலும் நன்றாகவே உறையும். அவித்த மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கும், துருவிய தேங்காயும் அப்படியே. அவியல் வேண்டாம்; தயிர் திரியும், தடியங்காய் (நீர்ப்பூசணி) தண்ணீராகும். குழம்பை இறக்கி இரண்டு மணி நேரத்துக்குள், ஒருவேளைக்கு ஒன்றாகச் சிறு டப்பாக்களில் பிரித்து உள்ளே வைத்துவிடுங்கள். பெரிய சட்டியோடு வைத்தால் நடுவில் சூடு அடங்க வெகுநேரமாகும், அதற்குள் கிருமி பெருகிவிடும். எடுக்கும்போது முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள், அடுக்களை மேடையில் வைத்து உருக்க வேண்டாம். சாளை, அயலை போன்ற நெய்ச்சத்துள்ள மீனை இரண்டு, மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் பழைய எண்ணெய் போலக் காறல் வாடை வரும். வாங்குவதென்றால் இரண்டு கிலோ போதும். டப்பா மேல் தேதியை எழுதி ஒட்டுங்கள்.