வீடாக இருக்கும் வண்டி ஹீட் ஆகி நின்றால்: எஞ்சினைத் திறக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: நான், மனைவி, அம்மா மூவரும் எட்டு மாதமாக எங்கள் 2015 மாடல் டெம்போ டிராவலரிலேயே குடியிருக்கிறோம். கட்டில், அடுப்பு, சின்ன ஃப்ரிட்ஜ், கூரையில் சோலார் எல்லாம் வைத்து மாற்றிய வண்டி. சேலத்திலிருந்து ஓசூர் போகும்போது தொப்பூர் ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய், முன்பக்கம் ஆவி கிளம்பி நின்றுவிட்டது. இப்போது தருமபுரி பைபாஸ் பக்கம் ஒரு பட்டறையில் இருக்கிறது. மெக்கானிக் இருபது நிமிஷம் பார்த்துவிட்டு, "கேஸ்கட் போச்சு, எஞ்சினை இறக்கணும், ஒன்றரை லட்சம், பதினைஞ்சு நாள்" என்கிறார். சம்மதிக்கலாமா? அதுவரை எங்கே இருப்பது? அம்மாவுக்கு இன்சுலின் போடுகிறோம்.
வாசகர், திருச்சி

பதில்: இன்றைக்கு எதையும் கழற்ற வேண்டாம் என்று மெக்கானிக்கிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் ஹெட் கேஸ்கட், அதாவது எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் தகடு, போயிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் நல்ல கேஸ்கட் சும்மா போவதில்லை. ஏதோ ஒன்று வண்டியை ஹீட் ஆக்கியது, அந்த ஹீட் கேஸ்கட்டைத் தின்றது. அந்த ஏதோ ஒன்று என்னவென்று தெரியாமல் புதுக் கேஸ்கட் போட்டால், ஓசூர் போய்ச் சேர்வதற்குள் அதுவும் போகும்.

கிருஷ்ணகிரியில் இருபது வருஷத்துக்கு மேல் டீசல் வண்டி வேலை பார்க்கிறேன். உங்களைப் போலவே வேனில் குடியிருந்த ஒரு குடும்பம் என்னிடம் வந்தபோது, அவர்கள் வேறொரு ஊரில் இரண்டு முறை கேஸ்கட் மாற்றியிருந்தார்கள். நான் முதலில் ரேடியேட்டர் மூடியைக் கையில் எடுத்தேன். அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் வெயிலில் காய்ந்த சேறு மாதிரி வெடித்திருந்தது. ஸ்பிரிங்கைக் கட்டைவிரலால் அமுக்கினால் எதிர்த்துத் தள்ளவே இல்லை. அந்த மூடி வெறும் மூடி இல்லை. அது தண்ணீரை அழுத்தத்தில் பிடித்து வைத்திருப்பதால்தான் 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் ஏறக்குறைய 120 டிகிரி வரை கொதிக்காமல் தாங்குகிறது. ஸ்பிரிங் சோர்ந்தால் ஒவ்வொரு ஏற்றத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை வெளியே துப்பும். கீழே சொட்டு தெரியாது, தரை ஈரமாகாது. ஒருநாள் தண்ணீர் குறைந்து நிற்கும்போது கேஸ்கட் போகும். சில நூறு ரூபாய்ப் பொருளைப் பார்க்காமல் அந்தக் குடும்பம் இரண்டு மாதத்தை இழந்திருந்தது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் வண்டி நின்ற இடத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். சேலத்திலிருந்து வடக்கே வந்தால் தொப்பூர் கணவாய் ஏற்றம். அதைத் தாண்டினால் தருமபுரி, கிருஷ்ணகிரி வரை ஓரளவு சமம். அப்புறம் மேலுமலை, சூளகிரி பக்கம் மறுபடி ஏறி, ஓசூரில் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்துக்குப் போகிறீர்கள். ஆள் ஏற்றும் வேன் சில நாள் காலியாகவும் ஓடும். உங்கள் வண்டியோ என்றைக்கும் முழு லோடு. நூறு லிட்டர் தண்ணீர் டேங்க் என்றால் அதுவே நூறு கிலோ. பேட்டரி, மரவேலை, பாத்திரம், துணிமணி எல்லாம் அதற்கு மேல். சமவெளியில் சமாளித்துக்கொண்டிருந்த பாதி அடைத்த ரேடியேட்டர் இப்படி ஒரு ஏற்றத்தில்தான் மாட்டிக்கொள்ளும்.

சரி, வண்டி முழுக்க ஆறிய பிறகு மெக்கானிக்கோடு நீங்களும் நின்று பாருங்கள். முதலில் ஆயில் டிப் ஸ்டிக். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, அந்த எஞ்சினை ஒரு நிமிஷம் கூட ஓட்டக் கூடாது, பேரிங் போய்விடும். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் லேசாக வெள்ளைப் பசை இருந்தால் பயப்பட வேண்டாம், வெறும் ஈரமாகவும் இருக்கலாம்.

ஆயில் சுத்தமாக இருந்தால் ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்பி, மூடி போடாமல், குளிர்ந்த நிலையிலேயே ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் அரை நிமிஷம் வரும் குமிழியை விடுங்கள், அது உள்ளே மாட்டிய காற்று. நிற்காமல் சோறு கொதிப்பது போலக் குமிழி வந்துகொண்டே இருந்தால், எரிந்த வாயு தண்ணீர்ப் பாதைக்குள் நுழைகிறது என்று அர்த்தம். ஸ்டார்ட் செய்த இரண்டு மூன்று நிமிஷத்திலேயே, மூடி போட்ட நிலையில் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினாலும் அதேதான். சந்தேகம் இருந்தால் நீல நிறத் திரவம் வைத்துச் சோதிக்கும் ஒரு சின்னக் குழாய்க் கருவி இருக்கிறது. ரேடியேட்டர் வாயில் வைத்து அந்தக் காற்றை இழுத்தால், எரிந்த வாயு இருக்கும்பட்சத்தில் நீலம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். நல்ல பட்டறையில் இது இருக்கும். ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கும் கம்ப்ரெஷன் சோதனையும் கேளுங்கள். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைவாகக் காட்டினால், அந்த இரண்டுக்கும் நடுவில்தான் கேஸ்கட் போயிருக்கும்.

இந்தச் சோதனைகளில் ஒன்றும் தெரியவில்லை என்றால் கேஸ்கட் தப்பித்தது. அப்போது மூடி, தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), ஃபேன் பெல்ட், ஃபேன், வாட்டர் பம்ப், ஹோஸ், ரேடியேட்டர் இவற்றோடு வேலை முடியும். தெர்மோஸ்டாட்டைப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்துச் சூடாக்கியே சோதிக்கலாம். 80 டிகிரி தாண்டியதும் வாய் திறக்க ஆரம்பிக்க வேண்டும். கொதித்தும் திறக்கவில்லை என்றால் தூக்கிப் போடுங்கள். "தெர்மோஸ்டாட்டே வேண்டாம், எடுத்துவிடலாம்" என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடினால் டீசல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் அதிகம்.

ரேடியேட்டர் பற்றி இந்தப் பக்கத்து ஆள் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி போர்வெல் தண்ணீர் கடுமையான உப்புத் தண்ணீர். வழியில் கிடைத்த குழாயில் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டே வந்தால், டீக்கடைப் பாய்லரில் படிவது போல உள்ளே வெள்ளைப் படலம் கட்டும். எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டரைக் கையால் மேலிருந்து கீழே தொட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டாம், ஃபேன் கையை எடுத்துவிடும். ஓட்டி நிறுத்தி, சாவியை எடுத்த பிறகு தொடுங்கள். நடுவில் ஒரு பகுதி மட்டும் சில்லென்று இருந்தால் அங்கே அடைப்பு. கழற்றி ராடு விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும், முடியாவிட்டால் கோர் என்னும் உள் குழாய்த் தொகுதியை மாற்ற வேண்டும். இனிமேல் கூலண்ட்டும் டிஸ்டில்டு தண்ணீரும் மட்டும்தான்.

இதே தண்ணீரை உங்கள் குடிநீர் டேங்கிலும் நிரப்பிவிடாதீர்கள். இந்த இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். அதற்காகவே 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டது. கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது. பட்டறையில் இருக்கும் நாட்களில் ஒகேனக்கல் தண்ணீர் வரும் குழாய் எது என்று கேட்டுப் பிடியுங்கள், இல்லையென்றால் கேன் வாங்குங்கள்.

கேஸ்கட் போனது உறுதி என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் எஞ்சினை இறக்க வேண்டும் என்பதை நான் உடனே ஏற்க மாட்டேன். எஞ்சின் வண்டியில் இருக்கும்போதே ஹெட்டை மட்டும் கழற்றலாம். பிஸ்டன் பிடித்திருந்தால், பேரிங் போயிருந்தால், ரிங் தேய்ந்து கம்ப்ரெஷன் எல்லா சிலிண்டரிலும் விழுந்திருந்தால்தான் இறக்கும் பேச்சு வரும். எதற்காக இறக்குகிறீர்கள் என்று கேளுங்கள். அதற்குச் சோதனையில் கண்ட அளவுகளைக் காட்டிப் பதில் வர வேண்டும்.

ஹெட் கழன்றதும் லேத்துக்குப் போகும் முன் நீங்களே பாருங்கள். நேரான இரும்புப் பட்டையை ஹெட்டின் மேல் நீளவாக்கிலும் குறுக்காகவும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகட்டை விடுவார்கள். 0.10 மில்லிமீட்டர் தகடு சுலபமாக நுழைந்தால் ஹெட் பெண்ட் ஆகியிருக்கிறது, ஃபேஸிங் செய்ய வேண்டும், அதாவது முகத்தைச் சீவிச் சமமாக்க வேண்டும். அதோடு பிரஷர் போட்டு விரிசல் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். விரிசல் விட்ட ஹெட்டை அழகாக ஃபேஸிங் செய்து மாட்டினால் பணம் போனதுதான். ஓசூரிலும் சேலத்திலும் இதற்கு நல்ல மெஷின் ஷாப்கள் உண்டு. அனுப்பி வாங்க இரண்டு மூன்று நாள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளாக்கின் மேல்முகத்தையும் அதே பட்டையால் பார்க்க வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். போல்ட் துளைகளில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருக்கக் கூடாது. போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, கம்பெனி சொன்ன அளவில் படிப்படியாக இறுக்க வேண்டும். "எனக்குக் கை அளவு தெரியும்" என்று சொல்லும் பட்டறையில் ஹெட் வேலை கொடுக்காதீர்கள். கையில் எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும் இதில் மட்டும் ரெஞ்ச்தான் பேச வேண்டும். கடைசியில் ஆயிலும் ஃபில்டரும் கட்டாயம் புதிது.

செலவை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: லேபர் எவ்வளவு, ஸ்பேர் எவ்வளவு, லேத் எவ்வளவு. முழு அட்வான்ஸ் வேண்டாம். ஸ்பேரை நீங்களே பில்லோடு வாங்கிக் கொடுங்கள், கழற்றிய பழைய பொருள் உங்கள் கைக்கு வர வேண்டும். முதல் நாளே கிலோமீட்டர் ரீடிங்கையும் எஞ்சின் நம்பரையும் போட்டோ எடுத்து வையுங்கள். சாதாரண இன்சூரன்ஸ் எஞ்சின் கோளாறுக்குப் பணம் தராது, ஆனால் ரோட்சைட் அசிஸ்டன்ஸ் சேர்த்திருந்தால் டோ செலவு வரலாம், பாலிசியை எடுத்துப் பாருங்கள். வண்டியின் மாற்றம் ஆர்சியில் ஏறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அனுமதி இல்லாத மாற்றத்தைத் தடுக்கிறது. ஏறாவிட்டால் க்ளெய்ம் சமயத்தில் சிக்கல்.

இனி எங்கே இருப்பது என்ற கேள்வி. ஹெட் கழன்ற வண்டிக்குள் அம்மாவை வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். ஜாக்கியில் நிற்கும் வண்டிக்குள் யாருமே ஏறக் கூடாது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு லாட்ஜில் வாரக் கணக்கில் வாடகை பேசுங்கள், நாள் கணக்கைவிடக் குறைப்பார்கள். லாட்ஜில் ஃப்ரிட்ஜ் உண்டா என்று முதலில் கேட்டுவிட்டு ரூம் எடுங்கள். கேஸ் சிலிண்டரை வண்டியிலிருந்து இறக்கி, காற்றோட்டமான இடத்தில் தனியாக வையுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு படுத்திருக்கும், பட்டறையில் வெல்டிங் பொறி ஒன்று போதும். வெல்டிங் இருந்தால் வண்டி பேட்டரி, சோலார் கன்ட்ரோலர், இன்வெர்ட்டர் மூன்றின் இணைப்பையும் எடுக்கச் சொல்லுங்கள்.

ஷெட்டுக்குள் வண்டி நின்றால் சோலார் வேலை செய்யாது, ஆல்டர்னேட்டரும் ஓடாது. 12 வோல்ட் 100 ஆம்பியர் ஹவர் லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், அதாவது 600 வாட் ஹவர். சின்ன கம்ப்ரெஷர் ஃப்ரிட்ஜ் ஒரு நாளில் ஏறக்குறைய அதைத் தின்றுவிடும். ஆக, ஒரு நாள்தான் தாங்கும். இன்சுலினை இன்றே வெளியே எடுங்கள். திறக்காத குப்பியும் பேனாவும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நீங்கள் வாங்கும் மருந்துக்கடையில் பில்லைக் காட்டிக் கேட்டால் அவர்கள் ஃப்ரிட்ஜில் வைத்துத் தரக்கூடும். இப்போது போட்டுக்கொண்டிருப்பதைப் பெரும்பாலும் 30 டிகிரிக்குக் கீழே நான்கு வாரம் வரை வைக்கலாம், உறையில் எழுதியிருப்பதையே கணக்காக எடுங்கள். ஐஸ் மேல் நேராக வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் பயன்படாது.

அடுத்த முறை முள் ஏறுவதைப் பார்த்தால் சிவப்பு வரை காத்திருக்க வேண்டாம். ஏசியை அணைத்து, கியரைக் குறைத்து, இடப்பக்கம் ஒதுங்குங்கள். ஆவியும் தண்ணீரும் கொட்டினால் உடனே ஆஃப். வெறும் முள் மட்டும் ஏறியிருந்தால் நின்ற நிலையில் ஓரிரு நிமிஷம் லேசாக ஓடவிட்டு அணையுங்கள், தண்ணீர் சுற்றட்டும். தொப்பூர் மாதிரி லாரி ஓடும் கணவாயில் அம்மாவை வண்டிக்குள் உட்கார வைக்காமல், தடுப்புக் கம்பிக்கு வெளியே பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள், முக்கோணத்தைப் பின்னால் தள்ளி வையுங்கள், தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033 போடுங்கள். அரை மணி நேரமாவது ஆகாமல் ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

வேலை முடிந்ததும் அன்றே ஓசூர் கிளம்ப வேண்டாம். தருமபுரியைச் சுற்றி ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி, ஆறவிட்டு, தண்ணீர் அளவைப் பாருங்கள். ஒரு சொட்டுக் குறைந்திருந்தாலும் பட்டறைக்குத் திரும்புங்கள். சரியாக இருந்தால் மறுநாள் விடியற்காலையில், வீட்டு டேங்கைக் காலியாக வைத்துக் கிளம்புங்கள். மேலுமலை ஏற்றத்தில் மேல் கியரில் இழுக்காமல் ஒரு கியர் குறைத்து, எஞ்சின் சுறுசுறுப்பாகச் சுற்றும்படி போங்கள், வாட்டர் பம்பும் அப்போதுதான் வேகமாகச் சுற்றும். சூளகிரியில் டீ குடிக்க நிறுத்தும்போது மூடியைத் திறக்காமல், ரிசர்வ் டப்பாவில் கோடு எங்கே நிற்கிறது என்று மட்டும் பாருங்கள்.