தேவசித்தமும் இரண்டு அடைபட்ட கதவுகளும் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

நான் திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். இங்கிலாந்து போவதற்காக ஓஇடி என்கிற ஆங்கிலத் தேர்வு எழுதினேன், ரைட்டிங்கில் மட்டும் மார்க் குறைந்துவிட்டது. இரண்டாவது தடவையும் அப்படியே. எங்கள் சபைக்கு வந்த ஊழியர் ஒருவர் தலையில் கை வைத்து ஜெபித்து, கர்த்தர் உன்னைக் கடல் கடந்து அனுப்புவார் என்றார். பாஸ்டரம்மாவோ, இரண்டு முறை கதவு அடைபட்டுவிட்டதே, அப்படியென்றால் அது தேவசித்தம் இல்லை, இருக்கிற இடத்தில் மனரம்மியமாய், அதாவது மனநிறைவோடு, இரு என்கிறார். அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். தினமும் வேதத்தைத் திறந்து கண்ணில் படுகிற வசனத்தில் பதில் தேடித் தேடி, இப்போது வேதத்தைத் திறக்கவே பயமாக இருக்கிறது. தேவசித்தத்தை எப்படித்தான் தெரிந்துகொள்வது? கிடைக்காதவர்கள் மனதைத் தேற்றிக்கொள்ளச் சொல்வதுதான் மனரம்மியமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், வலி அதில்தான் இருக்கிறது. எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன் என்று அப்போஸ்தலர் பவுல் எழுதியது பிலிப்பி சபைக்கு, காவலில் இருந்துகொண்டு, அவர்கள் எப்பாப்பிரோதீத்துவிடம் கொடுத்தனுப்பிய உதவிக்கு நன்றி சொல்கிற இடத்தில். அந்தப் பிலிப்பிக்கு அவர் முதன்முதலில் எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பதை அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தில் வாசித்துப் பாருங்கள், பதில் தேடாமல், ஒரே மூச்சில், கதை கேட்பதுபோல. அவர் வசனம் சொல்லப் போக நினைத்தது ஆசியாவுக்கு, அதாவது இன்றைய துருக்கியின் மேற்கில் அந்தப் பெயரில் இருந்த ரோம மாகாணத்துக்கு. ஆவியானவர் தடுத்தார். சரி, பித்தினியாவுக்குப் போகலாம் என்று பார்த்தார், அதற்கும் இடம் கிடைக்கவில்லை. இரண்டு கதவு அடைபட்ட மனிதர் ஊருக்குத் திரும்பாமல் துரோவா வரை நடந்து வந்தார், அங்கேதான் மக்கெதோனியா தேசத்தான் ஒருவன் நின்று எங்களுக்கு உதவிசெய்ய வாரும் என்று கூப்பிடுகிற தரிசனம் கிடைத்தது.

இவ்வளவு தெளிவாகத் தேவசித்தம் தெரிந்து போன ஊரில், மக்கெதோனியாவில் இருந்த அந்தப் பிலிப்பியில், என்ன நடந்தது? வஸ்திரங்களைக் கிழித்து, பிரம்பால் அடித்து, உட்காவலறையில் தள்ளி, கால்களைத் தொழுமரத்தில் மாட்டிவிட்டார்கள். காலை அசைக்க முடியாது, அடிபட்ட முதுகைச் சாய்க்கவும் முடியாது. காயத்தைக் கழுவ ஆள் இல்லை, பிற்பாடுதான் அந்தச் சிறைச்சாலைக்காரனே கழுவிவிடுகிறான். கழுவாத காயத்தோடு ராத்திரியில் கிடப்பது என்றால் என்னவென்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். அந்த நிலையில் பவுலும் அவரோடு அடிபட்ட கூட்டாளி சீலாவும் நடுராத்திரியில் பாடுகிறார்கள், மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆக, சித்தத்தின்படி போனால் எல்லாம் கைகூடும், கைகூடாவிட்டால் அது சித்தமில்லை என்கிற கணக்கு இந்த அதிகாரத்தில் எங்கேயும் செல்லுபடியாகவில்லை. பாஸ்டரம்மா உங்கள் மேல் உள்ள அன்பில்தான் சொல்லியிருப்பார். ஆனால் ரைட்டிங்கில் மார்க் குறைந்தது ரைட்டிங்கில் மார்க் குறைந்ததுதான். அந்தத் தேர்வில் எழுதச் சொல்கிற கடிதங்களைத் திருத்திக் கொடுக்கிற நல்ல டீச்சர் ஒருவரைப் பிடித்துப் பயிற்சி எடுத்தால் சரியாகிவிடக்கூடிய விஷயமாகவும் இருக்கலாம், அதற்குள் பரலோகத்தின் தீர்ப்பைத் தேட வேண்டாம்.

அப்புறம், மனரம்மியம் என்பது வாயை மூடிக்கொண்டு இருப்பதும் அல்ல. பொழுது விடிந்ததும் அதிகாரிகள் அவர்களை விட்டுவிடச் சொல்லி ஆள் அனுப்புகிறார்கள். ராத்திரி பாடிய அதே பவுல், ரோமக் குடிமக்களான எங்களை விசாரியாமல் எல்லார் முன்னாலும் அடித்துவிட்டு இப்போது இரகசியமாய் அனுப்புவதா, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துப் போகட்டும் என்று சொல்லிவிட்டார். அவர்கள் பயந்துபோய் வந்தார்கள், தயவாகப் பேசி அழைத்துப் போனார்கள். பன்னிரண்டு மணி நேர டியூட்டிக்கும் கட்டுப்படியாகாத சம்பளத்துக்கும் எதிராகப் பேசாதே, மனரம்மியமாய் இரு என்று ஒரு நர்ஸிடம் யாராவது சொன்னால், பவுலை அதற்குச் சாட்சியாக இழுக்கக்கூடாது என்பேன். கொரிந்தியருக்கு எழுதும்போது அடிமையைப் பார்த்தே கவலைப்படாதே என்கிறார், அதே வசனத்தில் விடுதலையாக முடியுமானால் அதையே நலமென்று எண்ணிக்கொள் என்கிறார். இரண்டையும் சேர்த்துச் சொன்னவர் அவர். நீங்கள் இங்கிலாந்து போக ஆசைப்படுவதில் அவிசுவாசம் ஒன்றும் இல்லை.

தேவசித்தம் என்று வேதம் வெளிப்படையாகச் சொல்கிற இடங்களை எடுத்துப் பாருங்கள், அங்கே எந்த ஊர், எந்த வேலை என்கிற பேச்சு பெரும்பாலும் இருக்காது. பரிசுத்தமாய் இருங்கள், எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்யுங்கள் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதிய நிருபத்தில் இருக்கிறது. நியாயம் செய், இரக்கத்தைச் சிநேகி, தேவனுக்கு முன்பாக மனத்தாழ்மையாய் நட, வேறென்ன கேட்கிறார் என்கிறார் மீகா தீர்க்கதரிசி. இதில் நீங்கள் திருநெல்வேலி வார்டில் செய்ய முடியாதது எது, லண்டன் வார்டில் செய்ய முடியாதது எது? இது மாதிரி ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டதைச் செய்துகொண்டே சொல்லப்படாததைப் பற்றி ஜெபிக்கிறவருக்கு, பதில் தாமதமானாலும் நாள் வீணாகாது. மனரம்மியம் அங்கேதான் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபடுகிறது என்று நம்புகிறேன். பவுலே அதைக் கற்றுக்கொண்டதாகத்தான் சொல்கிறார், முதல் நாளே வந்துவிட்டதாகச் சொல்லவில்லை.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து, புது வருஷத்துக்கு ஒரு வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுக்க நிற்கிறோம் அல்லவா, எல்லையை விஸ்தாரமாக்குவேன் என்று வந்தவர் எல்லாருக்கும் காட்டுகிறார், பொறுமையோடே ஓடக்கடவோம் என்று வந்தவர் அட்டையை வேதத்துக்குள் வைத்து மூடிக்கொள்கிறார். அந்த இரண்டாவது அட்டையும் தேவன் கொடுத்ததுதான். கண்ணில் பட்ட வசனத்தைப் பிடித்துக்கொள்வதை மட்டும் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு, பிலிப்பியர் நிருபத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசியுங்கள். நாலே அதிகாரம். பயம் தெளியும்.

களக்காட்டுக்குப் பக்கத்தில் டோனாவூர் இருக்கிறது, ஆஃப் கிடைக்கிற ஒரு நாளில் அம்மாவோடு போய்வாருங்கள். அங்கே ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1893இல் போனது ஜப்பானுக்கு, உடம்பு ஒத்துக்கொள்ளாமல் திரும்பினார். 1895இல் இந்தியா வந்து, 1901இலிருந்து டோனாவூரில், கோயிலுக்கு விடப்பட இருந்த பெண்பிள்ளைகளுக்கு அம்மாவாக இருந்தார். 1931இல் கீழே விழுந்து அடிபட்டது, 1951இல் கண்மூடும்வரை பெரும்பாலும் அறையோடும் கட்டிலோடும்தான், அங்கிருந்தே எழுதிக்கொண்டும் இருந்தார். ஜப்பான் அடைபட்டதைவிட அந்தக் கட்டில்தான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. ஓடியாடி வேலை செய்தவர், வேலை கையை விட்டுப் போன பிறகும் அதே தேவனிடம் நிம்மதியாக இருந்தார்.

அந்த ஊழியர் சொன்னது நடந்தால் ஸ்தோத்திரம். ஆனால் அவர் சொன்னதை நிறைவேற்றுவது உங்கள் பொறுப்பில்லை, அதைத் தூக்கிச் சுமக்காதீர்கள். முதலில் அம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். நீங்கள் போனால் அவர் யாரோடு இருப்பார், ராத்திரி உடம்புக்கு ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவார், உங்களோடு வர அவருக்கு விருப்பமா என்று அவரையே கேளுங்கள். போகத் தீர்மானித்தால் ஏஜென்ட் அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஏஜென்ட் சபைக்காரராகவே இருந்தாலும் பாருங்கள்.

அன்புடன்