குலுக்கல் இருக்கட்டும், எதையெல்லாம் கழற்றினீர்கள்?

கேள்வி: கோலாலம்பூர், செந்தூலில் இருக்கிறோம் டாக்டர். மனைவிக்கு இது 24-வது வாரம், முதல் பிள்ளை. தினமும் பங்சாருக்கு வேலைக்குப் போக என் மைவி காரைத்தான் ஓட்டுகிறார். காடியைத் தாழ்த்தி, பந்தயக் கார் பாணி பக்கெட் சீட், நான்கு முனை பெல்ட், சின்ன ஸ்டீயரிங், பெரிய எக்ஸாஸ்ட் எல்லாம் போட்டிருக்கிறேன். குலுங்கினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, விற்றுவிடு என்கிறார் அம்மா. விற்கத்தான் வேண்டுமா? பிறந்த பிறகு குழந்தையை அதில் ஏற்றலாமா?

பதில்: தம்பி, நீங்கள் சொன்னதில் எனக்குக் குறைவாகக் கவலை தருவது அந்தக் குலுக்கல்தான். பனிக்குட நீருக்குள் இருக்கும் பிள்ளைக்குச் சாலைக் குழியால் ஒன்றும் ஆகிவிடாது. சிரமப்படுவது மனைவியின் முதுகும் இடுப்பும்தான். பக்கெட் சீட்டிலிருந்து எழும்போது இரண்டு முழங்காலையும் சேர்த்து வைத்து, உடம்போடு வெளியே திருப்பி இறங்கச் சொல்லுங்கள். இடுப்பு வலி குறையும். ஆனால் ரத்தக்கசிவு இருந்தாலோ, நஞ்சுக்கொடி (பிளசென்டா) கீழே இருப்பதாக ஸ்கேனில் சொல்லியிருந்தாலோ, நாளுக்கு முன்பே வயிறு இறுகினாலோ அவர் ஓட்ட வேண்டாம். முதலில் கிளினிக்கில் காட்டுங்கள்.

என் கவலை நீங்கள் மாட்டியதைப் பற்றியல்ல, கழற்றியதைப் பற்றி. சின்ன ஸ்டீயரிங் வந்தபோது ஏர்பேக் போயிருக்கும். பக்கெட் சீட்டுக்காகப் பழைய பெல்ட்டும் போயிருக்கலாம். நான்கு முனை பெல்ட்டில் என்ன சிக்கல் என்றால், மோதும்போது தோள் வார்கள் இடுப்பு வாரை மேலே இழுக்கும். உடம்பு அதற்கு அடியில் வழுக்கும். வார் வந்து நிற்பது வயிற்றின் மேல். அந்த இடத்தில்தான் பிள்ளை இருக்கிறது. அடி பலமாக விழுந்தால் நஞ்சுக்கொடி கர்ப்பப்பையிலிருந்து பிரிந்துவிடலாம். வெளியே ஒரு கீறல்கூட இல்லாமலும் அது நடக்கும்.

ஆகவே பழைய மூன்று முனை பெல்ட்டும் ஏர்பேக் உள்ள ஸ்டீயரிங்கும் காடிக்குத் திரும்ப வேண்டும். கீழ்ப் பட்டை வயிற்றுக்கு அடியில், தொடை தொடங்கும் இடத்தில் இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். மேல் பட்டை மார்புகளுக்கு நடுவே வந்து வயிற்றின் ஓரமாக இறங்க வேண்டும். ஸ்டீயரிங்குக்கும் நெஞ்செலும்புக்கும் 25 செ.மீ. இடைவெளி தேவை. வயிறு பெரிதாகி அது கிடைக்காதபோது நீங்கள் ஓட்டுங்கள், அவர் பக்கத்தில் உட்காரட்டும். சின்ன மோதலாக இருந்தாலும், வலி இல்லாவிட்டாலும், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்ப் பிள்ளையின் இதயத் துடிப்பைப் பார்க்க வேண்டும். அவருடைய ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் அதை அங்கே சொல்லுங்கள். 72 மணி நேரத்துக்குள் ஓர் ஊசி தேவைப்படலாம்.

அப்புறம் எக்ஸாஸ்ட். உங்களைப் போன்ற தம்பிகள் சத்தத்தைப் பற்றித்தான் பேசுகிறீர்கள், நான் புகையைப் பற்றிக் கேட்கிறேன். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை எடுத்துவிட்டீர்களா? அது இல்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு அதிகமாக வரும். குழாய் இணைப்பில் கசிவு இருந்தால் அது காடிக்குள்ளும் நுழையும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தாயின் ரத்தத்தைவிடப் பிள்ளையின் ரத்தத்தில் அது அதிகமாகச் சேரும், வெளியேறவும் நேரமெடுக்கும். தலைவலி, குமட்டல், மயக்கம் வந்தால் மசக்கை என்று விட்டுவிடுவார்கள். காடியில் இருக்கும்போது மட்டும் வந்து, இறங்கியதும் தெளிகிறதா என்று அவரிடம் கேளுங்கள். அப்படியென்றால் அந்தக் காடியில் ஏறவே வேண்டாம், மனைவியை உடனே மருத்துவமனையில் காட்டுங்கள். அறிகுறி இல்லாவிட்டாலும் கன்வர்ட்டரைத் திரும்ப மாட்டி, குழாயைப் பட்டறையில் சோதிக்கச் சொல்லுங்கள். கொண்டோவின் அடித்தளப் பார்க்கிங்கில் எஞ்சினை ஓடவிட்டு ஏர்கோனில் உட்கார வேண்டாம்.

சத்தமும் சும்மா இல்லை. தாழ்ந்த உறுமல் ஒலி வயிற்றைக் கடந்து உள்ளே போகும். இந்த வாரங்களில் பிள்ளைக்குக் காது கேட்கத் தொடங்கிவிடும். காடிக்குள்ளே குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால், பழைய சைலன்சரை மாட்டுங்கள்.

விற்க வேண்டியதில்லை. தாழ்த்தியது இருக்கட்டும், ரிம் இருக்கட்டும். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி, இன்சூரன்ஸ் கதையெல்லாம் என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும்!

குழந்தைக்கு வருவோம். மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தனியார் காடிகளில் குழந்தை இருக்கை கட்டாயம். மடியில் வைத்துக்கொண்டு போவது, பாட்டி மடியானாலும், கூடாது. பின்னோக்கிய இருக்கையைப் பின் சீட்டில் பொருத்துங்கள்; ஏர்பேக் வேலை செய்யும் முன் சீட்டில் ஒருபோதும் வைக்காதீர்கள். பக்கெட் சீட்டின் முதுகு அதைத் தள்ளக் கூடாது. பின்னால் இரும்புக் கம்பிக் கூண்டு போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். மோதலில் தலை போய் இடிப்பது அதில்தான். பினாங்குக்குப் போனால் தாப்பா போன்ற ஓய்விடங்களில் நிறுத்திக் குழந்தையை வெளியே எடுத்துப் படுக்க வையுங்கள். அதே இருக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேண்டாம். பிறந்த புதிதில் அவ்வளவு நேரம்கூட வேண்டாம். தாடை நெஞ்சில் படிந்தால் மூச்சுத் திணறும்.

இருக்கையை 36-வது வாரத்துக்குள் மாட்டிப் பாருங்கள். உங்கள் காடியில் அசையாமல் உட்காரவில்லை என்றால், பிள்ளையை மருத்துவமனையிலிருந்து அழைத்து வர, மாற்றம் செய்யாத ஒரு சாகா காரைச் சொந்தக்காரர்களிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.