அரசமைப்புச் சட்டம், மனித உரிமை, சமயம்: சிங்கப்பூரில் இதைப் படித்துப் பேராசிரியர் ஆக முடியுமா?

கேள்வி: என் மகள் தொடக்கக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சட்டம் படிக்க ஆசை, ஆனால் வழக்கறிஞராக விருப்பமில்லை. அரசமைப்புச் சட்டம், மனித உரிமை, சமயச் சுதந்திரம் ஆகியவற்றை ஆய்வு செய்து பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த வேண்டுமாம். சிங்கப்பூரில் இதற்கு இடம் இருக்கிறதா? அப்படி என்ன வழக்குகள் இங்கே நடக்கின்றன?

பதில்:

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். வழக்குகள் குறைவு என்பது உண்மை. ஒருவர் தம் சமயத்தைப் பின்பற்றவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருவது நம் அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. அதன்மேல் எழுந்த முக்கியமான தீர்ப்புகளை ஒரு வார இறுதியில் படித்து முடித்துவிடலாம். இந்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு ஆயுள் போதாது. இதைப் பார்த்துவிட்டுத்தான், "சிங்கப்பூரில் ஆய்வு செய்ய என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். நானும் இந்தத் துறையில் பாடம் நடத்துபவள்தான். வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று என் கட்டுரையை ஏறக்குறைய இதே கேள்வியோடு திருப்பி அனுப்பியிருக்கிறது.

என் எண்ணம் வேறு. சமயம் தொடர்பான சட்டம் இங்கே நீதிமன்றத்தில் பேசப்படுவது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் அனுமதிப் பத்திரத்தின் நிபந்தனைகளிலும், வாரியக் கூட்டங்களிலும், அமைச்சரும் சமயத் தலைவர்களும் சந்திக்கும் அறைகளிலும் நடக்கிறது. தீர்ப்பை மட்டும் படிக்கப் பழகியவருக்கு இந்த ஊர் வறண்ட நிலமாகத்தான் தெரியும்.

தைப்பூசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்வலத்தில் இசைக்கருவிகள் வாசிக்க 1973ஆம் ஆண்டிலேயே தடை வந்துவிட்டது. போட்டிக் குழுக்களுக்குள் நடந்த கைகலப்பு அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. எந்தத் தீர்ப்பிலும் இந்தத் தடை பிறக்கவில்லை. ஊர்வலத்துக்கான அனுமதியின் நிபந்தனையாகவே அது ஆண்டுதோறும் தொடர்ந்தது. 2015இல் பக்தர்கள் மூவர் இதை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். சமத்துவம், பேச்சுரிமை, சமயச் சுதந்திரம் என மூன்று பிரிவுகளையும் காட்டி வாதிட்டார்கள். வழக்குத் தொடரவே அனுமதி கிடைக்கவில்லை, மனு தள்ளுபடியானது. ஆனால் 2016 தைப்பூசத்தில் வழியில் சில இடங்களில் நேரடி இசைக்கு இடம் கிடைத்தது. தீர்ப்பை மட்டும் படிக்கும் மாணவர் "பக்தர்கள் தோற்றார்கள்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை ஒருமுறை நடந்தவருக்கோ இன்னும் பல கேள்விகள் தோன்றும். மாற்றம் ஏன் வந்தது? யார் யாரோடு பேசினார்கள்? தோற்ற வழக்குக்கு அதில் பங்கு உண்டா? ஒரு முனைவர் பட்டத்துக்கு இது தாராளமாகப் போதும். உறுமி மேளம் ஆய்வுப் பொருளாகுமா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

இன்னொன்று, நம்மில் பலர் கோயிலுக்குப் போய்வந்துகொண்டே கவனிக்காமல் விடுவது. சிங்கப்பூர் சமயச்சார்பற்ற நாடு. ஆனால் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலையும் மேலே சொன்ன பெருமாள் கோயிலையும் நிர்வகிக்கும் இந்து அறக்கட்டளை வாரியம் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்தது. அதன் உறுப்பினர்களை நியமிப்பவர் அமைச்சர். முஸ்லிம்களுக்கு 1966இல் இயற்றப்பட்ட முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டமும் அதன் வழிவந்த இஸ்லாமிய சமய மன்றமும் இருக்கின்றன. அரசமைப்புச் சட்டத்தின் 153ஆம் பிரிவே இதற்கு வழி வைத்திருக்கிறது. சமயத்திலிருந்து விலகி நிற்கும் அரசு கோயில் உண்டியலின் கணக்கைக் கேட்கலாமா? மதராஸ் மாநிலம் 1951இல் இயற்றிய அறநிலையச் சட்டத்தின்மேல் எழுந்த சிரூர் மடம் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1954இல் இதே கேள்வியோடுதான் மல்லுக்கு நின்றது. ஒரு சமயத்துக்கு எது இன்றியமையாதது என்று நீதிபதிகள் அலசும் வழக்கம் அங்கிருந்துதான் வேர்பிடித்தது. சிங்கப்பூரில் அந்தச் சண்டை அப்படி வெடிக்கவே இல்லை. ஏன் வெடிக்கவில்லை என்பதுதான் எனக்குச் சுவாரசியமான கேள்வி.

சமய நல்லிணக்கத்தைப் பராமரிக்கும் சட்டமும் இதே ரகம். 1990இல் நிறைவேறியது. சமயங்களுக்கு இடையே பகை மூட்டுபவர்மீது தடையாணை பிறப்பிக்க அமைச்சருக்கு அதிகாரம் தருகிறது. 2019இல் அதைத் திருத்தியபோது, அதுவரை ஒரு தடையாணைகூடப் பிறப்பிக்கப்படவில்லை என்று அரசாங்கம் சொன்னது. பயன்படுத்தாத சட்டம் பயனற்ற சட்டம் என்று முதலாண்டு மாணவர்கள் முடிவுகட்டுவார்கள். கூப்பிட்டு எச்சரித்தாலே போதும் என்ற நிலையை உருவாக்கியதுதான் அந்தச் சட்டத்தின் வேலை என்பது என் வாசிப்பு. இதை மறுப்பவர்களும் என் துறையில் உண்டு.

வழக்குகள் குறைவுதான், ஆனால் அழுத்தமானவை. யெகோவாவின் சாட்சிகள் அமைப்பின் பதிவு 1972இல் ரத்தானது. கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையை அவர்கள் மறுத்தது முக்கியக் காரணம். தடை செய்யப்பட்ட வெளியீடுகளை வைத்திருந்ததாகத் தண்டிக்கப்பட்டவர்களின் மேல்முறையீட்டை 1994இல் தலைமை நீதிபதி யோங் பாங் ஹாவ் நிராகரித்தார். நாட்டின் இறையாண்மையும் ஒற்றுமையும்தான் அரசமைப்பின் தலையாய கட்டளை, அதற்கு முரணான சமயச் செயல்களுக்கு இடமில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளி இன்று அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அந்தத் தீர்ப்பைக் கடுமையாக விமர்சிக்கும் கட்டுரைகளையும் மாணவர்கள் அங்கே படிக்கிறார்கள். அது எனக்குப் பிடித்த முரண்.

பிறகு 1999 வழக்கு. அதே சமயத்தைச் சேர்ந்த ஓர் ஆசிரியர் தேசிய கீதம் பாடவும் உறுதிமொழி எடுக்கவும் மறுத்து வேலையிழந்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கீதமும் உறுதிமொழியும் சமயச் சடங்குகள் அல்ல என்றது. 1986இல் கேரளப் பள்ளிப் பிள்ளைகள் மூவரின் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் நேர்மாறாகச் சொல்லியிருந்தது. கீதம் ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை என்பதற்காக வெளியேற்றியது தவறு என்றது. ஒரே நம்பிக்கை, ஏறத்தாழ ஒரே செயல், இரண்டு நாடுகள், இரண்டு முடிவுகள். நான் வகுப்பில் இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைப்பேன்.

சிங்கப்பூர்த் தீர்ப்பில் மாணவர்கள் தாண்டிப்போகும் ஓர் இடம் இருக்கிறது. சமயம் என்பதைத் தனிப்பட்ட கடவுள்மீது ஒரு குடிமகனுக்கு உள்ள நம்பிக்கை என்ற பொருளில் நீதிமன்றம் விளக்குகிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே மிகப் பெரிய சமயக் குழுவினர் பௌத்தர்கள், 31.1 விழுக்காடு. அந்த விளக்கத்துக்குள் புத்தர் எங்கே உட்காருவார்? ஐந்தில் ஒருவருக்குச் சமயமே இல்லை, அவர்களின் மனச்சாட்சி எந்தப் பிரிவில் அடங்கும்? 1930களில் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கத்தில் கோ. சாரங்கபாணியோடு நின்று காவடிக்கும் தீமிதிக்கும் எதிராகப் பேசியவர்களை நினைத்துப்பாருங்கள். அவர்களுக்கு 15ஆம் பிரிவு துணை நின்றிருக்குமா?

மனித உரிமைப் பக்கத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். குடிமை, அரசியல் உரிமைகளுக்கான அனைத்துலக உடன்படிக்கையில் சிங்கப்பூர் சேரவில்லை. பெண்கள், குழந்தைகள் பற்றிய உடன்படிக்கைகளில் 1995இலும், உடற்குறையுள்ளோர் பற்றியதில் 2013இலும் சேர்ந்தது. இனப் பாகுபாட்டுக்கு எதிரானதை 2017இல் உறுதிப்படுத்தியது. ஆகவே இங்கே இந்தப் பாடம் நடத்துபவர், இல்லாத ஒப்பந்தத்தைப் பற்றிப் புலம்பாமல், இருப்பவற்றுக்குள் வாதம் கட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். கூடவே பாலத்துக்கு அந்தப் பக்கமும் பார்க்க வேண்டும். குழந்தைகளைத் தாயின் சம்மதமின்றித் தந்தை மதம் மாற்றியது செல்லாது என்று மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 2018இல், இந்திரா காந்தி என்ற மலேசியப் பெண் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. மதம், குடும்பம், கூட்டாட்சி அதிகாரம், நீதிமன்றத்தின் எல்லை எல்லாம் அந்த ஒரு தீர்ப்பில் இருக்கின்றன. உங்கள் மகளுக்கு முதலில் அதைக் கொடுங்கள்.

இனி வேலை. சிங்கப்பூரில் சட்டப் பள்ளிகள் மூன்றுதான்: சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம். இடங்கள் குறைவு, அதை மறைத்துச் சொல்வதில் பொருளில்லை. ஆனால் அரசமைப்புச் சட்டமும் நிர்வாகச் சட்டமும் எல்லாச் சட்ட மாணவர்களும் படித்தே ஆக வேண்டியவை. அதனால் அவற்றை நடத்த ஆள் எப்போதும் தேவை. சமயத்தை மட்டும் தெரிந்தவருக்கு வேலை கிடைப்பது கடினம். நிர்வாகச் சட்டத்தையும் நடத்தத் தெரிந்து, சமயத்தை ஆய்வுப் பொருளாக வைத்திருப்பவருக்குக் கிடைக்கும்.

வழக்கமான பாதை இது: நல்ல தேர்ச்சியோடு இளநிலைப் பட்டம், வெளிநாட்டில் முதுநிலை, பிறகு முனைவர் பட்டம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பேராசிரியர் தியோ லி-ஆனை எடுத்துக்கொண்டால் ஆக்ஸ்ஃபர்ட், ஹார்வர்ட், கேம்பிரிட்ஜ். இடையே சில ஆண்டுகள் வழக்கறிஞர் தொழில் பார்க்கச் சொல்வேன். உங்கள் மகள் முகம் சுளிப்பாள். அரசாங்க முடிவு ஒன்றை எதிர்த்து மனு தயாரிக்கும்போது எந்த ஆவணம் கிடைக்கும், எது கிடைக்காது என்பது நூலகத்தில் தெரியாது. இதை மறுக்கும் சக ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நீதிமன்றத்தில் ஒரு நாளும் நின்றதில்லை.

நம்மவர்கள் இந்தப் பாதையில் முன்பே நடந்திருக்கிறார்கள். அரசமைப்புச் சட்டம் நடத்திய எஸ். ஜெயக்குமார் 1974 முதல் 1980 வரை பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியின் தலைவராக இருந்து, பிறகு அமைச்சராகவும் துணைப் பிரதமராகவும் ஆனார். இலங்கைத் தமிழரான எம். சொர்ணராஜா முதலீடு பற்றிய அனைத்துலகச் சட்டத்தில் உலகறிந்த பெயர்.

இந்தத் துறையில் இரு பக்கத்தாரையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்த முடியாது. தியோ லி-ஆன் நியமன நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது, ஆண்களுக்கு இடையேயான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை நீக்கக் கூடாது என்று 2007இல் பேசினார். 2009இல் நியூயார்க் பல்கலைக்கழகத்துக்கு மனித உரிமைப் பாடம் நடத்தப் போக இருந்தபோது அங்கே எதிர்ப்புக் கிளம்பியது, பாடத்தில் சேர்ந்தவர்களும் குறைவு, அவர் போகவில்லை. அவர் கருத்தோடு நான் உடன்படாதவள். ஆனாலும் ஓர் ஆய்வாளர் தம் நம்பிக்கையை எங்கே வைப்பது என்ற கேள்வியிலிருந்து யாரும் தப்ப முடியாது. பக்தி உள்ளவருக்கு ஒரு சந்தேகம் வரும், இல்லாதவருக்கு வேறொன்று. 377ஏ பிரிவை நீக்க நாடாளுமன்றம் 2022இல் சட்டம் இயற்றியது. கூடவே, திருமணம் பற்றிய சட்டங்களைப் பாதுகாக்கும் 156ஆம் பிரிவு அரசமைப்பில் சேர்ந்தது.

இங்கே அரசமைப்பு எவ்வளவு எளிதாக மாறும் என்பதையும் அவள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். 1988 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒருவரைக் காவலில் வைக்கும் அதிகாரத்தை நீதிமன்றம் ஆராயலாம் என்றது. நீதிமன்றம் அப்படி ஆராய்வதைக் கட்டுப்படுத்த, அடுத்த மாதமே அரசமைப்பும் சட்டமும் திருத்தப்பட்டன. பாடப்புத்தகம் எழுதுபவருக்கு இது பெரிய தலைவலி. என்னைக் கேட்டால் எழுதிக்கொண்டே இருக்க வேண்டியதற்கான காரணமும் அதுதான். இன்னொரு வழக்கையும் சொல்ல வேண்டும். ஹவ்காங் இடைத்தேர்தலை வேண்டி, துப்புரவுப் பணி செய்துவந்த ஒரு தமிழ்ப் பெண்மணி தொடுத்த வழக்கில், தேர்தலை நடத்தாமலே காலவரையின்றி விட்டுவிடப் பிரதமருக்கு அதிகாரமில்லை என்று 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பெரிய அமைப்புகள் தொடாத கேள்வியை அவர் தொட்டார்.

தமிழ் தெரிவது இதில் கூடுதல் பலம், வீட்டில் சும்மா விட்டுவிடாதீர்கள். 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களையும் கோயில் ஆவணங்களையும் நேரடியாகப் படிக்கக்கூடிய அரசமைப்பு ஆய்வாளர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தைப்பூசம் 1968இல் பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து போனபோது இங்கிருந்த தமிழர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது ஆங்கில ஆவணங்களில் முழுமையாகக் கிடைக்காது.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுவும் மனத்தில் இருக்கும். வெளிநாட்டு முதுநிலைப் படிப்புக்கு முழு உதவித்தொகை அரிது, முனைவர் பட்டத்துக்கு ஓரளவு கிடைக்கும். பல்கலைக்கழகமே செலவு செய்து அனுப்பினால் திரும்பிவந்து பணியாற்ற வேண்டும் என்ற நிபந்தனை இருக்கலாம். கையெழுத்திடும் முன் அதை அவளே ஒரு வரி விடாமல் படிக்கட்டும். நீதிமன்ற விசாரணைகளில் பெரும்பாலானவற்றைப் பொதுமக்கள் அமர்ந்து பார்க்கலாம், காசு வேண்டாம். ஆண்டிறுதித் தேர்வு முடிந்ததும் உச்ச நீதிமன்றக் கட்டடத்துக்கு ஒரு காலைப்பொழுது அனுப்பிவையுங்கள். அரசமைப்பு வழக்கு எதுவும் அன்று இல்லாவிட்டால் ஏதாவது ஒப்பந்தத் தகராறு ஓடிக்கொண்டிருக்கும், அதையும் உட்கார்ந்து கேட்கட்டும்.