வெள்ளம் வடிந்த வீடும் மகளின் திருமண டெபாசிட்டும்

கேள்வி: புதுச்சேரி ரெயின்போ நகரில் தரைத்தளத்தில் சொந்த வீடு. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த இரவில் கதவை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தோம். பின்னிரவில் கழிவறை வழியாக மேலேறிய தண்ணீர், விடிவதற்குள் கட்டில் மெத்தையை நனைத்துவிட்டது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர், பீரோவின் அடித்தட்டுப் புடவைகள், வாசலில் நின்ற ஸ்கூட்டர் எல்லாம் பாழ். 2 லட்சம் ரூபாய் வரை செலவாகும் போலிருக்கிறது. மகளின் திருமணத்துக்காகப் போட்ட 4 லட்ச ரூபாய் மூன்றாண்டு டெபாசிட் முதிர்வதற்கு இன்னும் 7 மாதங்கள் உள்ளன. அதை உடைப்பதா, நகையை அடகு வைப்பதா? 2022-இல் வீட்டுக் கடன் வாங்கியபோது இன்சூரன்ஸ் என்று ஒரு தொகையைப் பிடித்தார்கள். அதனால் ஏதேனும் பயன் உண்டா?

பதில்: கடைசியாகக் கேட்டிருக்கும் கேள்வியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதற்கு விடை தெரியாமல் எவ்வளவு கடன் வாங்க வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்ய இயலாது.

வீட்டுக் கடனோடு விற்கப்படும் இன்சூரன்ஸ் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். கடன் வாங்கியவர் இறந்துபோனால் மீதிக் கடனைத் தீர்க்கும் ஆயுள் காப்பீடு ஒன்று. வீட்டுக் கட்டடத்துக்கான காப்பீடு மற்றொன்று. பாலிசியின் முதல் பக்கத்தில் காப்பீடு செய்யப்பட்டதாகக் கடன் வாங்கியவரின் பெயரும் வயதும் இருந்தால், இந்த வெள்ளத்துக்கு அதனால் பயனில்லை. வீட்டு முகவரியும் கட்டடத்தின் மதிப்பும் இருந்தால், அதன் பெயர் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்று இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் கட்டாயம் விற்க வேண்டிய இந்தப் பொதுவடிவ பாலிசியில் புயலும் வெள்ளமும் அடங்கும். அதைவிட முக்கியமாக, கட்டடத்தைக் காப்பீடு செய்திருந்தால், அந்தத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்க்கு, வீட்டுப் பொருள்களுக்கும் தனி விண்ணப்பமின்றிக் காப்பு உண்டு. கட்டடத்துக்கு மட்டும்தான் என்று எண்ணி ஃபிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் க்ளெய்ம் கேட்காமலே இருந்துவிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பாலிசி கைக்கு வந்ததும் அன்றைக்கே நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். தாமதமாகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். தாமதத்தை மட்டுமே காரணம் காட்டி நியாயமான க்ளெய்மை மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை பொருள்களைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். மெத்தையைப் போல நாறிப்போனதை வைத்திருக்க முடியாது என்றால், சுவரில் படிந்திருக்கும் சேற்றுக்கோடும் தெரியும்படி படம் எடுத்துவிட்டு அகற்றுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைச் சூறையாடியபோது எங்கள் வீட்டு ஓடுகள் பறந்து, மரச்சாமான்கள் ஊறிப்போயின. இரண்டே நாளில் எல்லாவற்றையும் வாரி வண்டியில் ஏற்றிவிட்டு, அதன்பிறகு பாலிசியைத் தேடியவன் நான். சர்வேயருக்குக் காட்ட வெள்ளையடித்த சுவர்தான் மிச்சமிருந்தது.

ஸ்கூட்டரின் கணக்கு வேறு. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் எதுவும் கிடைக்காது. வாகனத்தின் சொந்தச் சேதத்துக்கும் காப்பு இருந்தால் க்ளெய்ம் செய்யலாம். ஆனால் தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து பார்த்துக் கெடுத்துக்கொண்டால், எஞ்சினுக்கான கூடுதல் காப்பு இல்லாத பாலிசியில் அந்தச் சேதத்தைப் பொதுவாக ஏற்க மாட்டார்கள். ஆகவே சாவியைத் திருகாமல், தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் கொண்டு செல்லுங்கள்.

இனி பணத்துக்கு வருவோம். டெபாசிட்டை உடைக்க வேண்டாம். அதன் மீது கடன் வாங்குங்கள். இத்தகைய கடனுக்கு டெபாசிட் வட்டியைவிட 1 அல்லது 2 சதவீதம் கூடுதலாக வாங்குவதுதான் வழக்கம். டெபாசிட்டுக்கு வட்டி தொடர்ந்து வந்துகொண்டிருப்பதால், 1 சதவீதம் கூடுதல் என்று கொண்டால், 1 லட்சம் ரூபாய்க்கு 7 மாதங்களில் உங்கள் கையை விட்டுப் போவது ஏறத்தாழ 580 ரூபாய். மாறாக டெபாசிட்டை உடைத்து, அபராதமாக வங்கி வட்டியில் 1 சதவீதம் குறைத்தால், கடந்துபோன 29 மாதங்களுக்கும் அந்தக் குறைப்பு பொருந்தி, 4 லட்சத்துக்கு ஏறத்தாழ 9,700 ரூபாய் போய்விடும். நகையை இந்தக் கணக்குக்குள் கொண்டுவரவே வேண்டாம். திருமண வீட்டில் அடகுச் சீட்டு இருப்பது வட்டியைவிடப் பெரிய தொந்தரவு.

அதிலும் 2 லட்சத்தையும் ஒரே தவணையில் எடுக்காதீர்கள். முதலில் 1 லட்சம் போதும். எலக்ட்ரீஷியனை வரவழைத்து வயரிங் முழுவதையும் சோதித்து, பிளக் பாயின்ட்டுகளை இடுப்புயரத்துக்கு ஏற்றுவதும், கழிவறைக் குழாயில் தண்ணீர் திரும்பி ஏறாமல் தடுக்கும் வால்வு பொருத்துவதும் முதற்செலவு. ஒரே நாளில் 45 செ.மீ.-ஐத் தாண்டிய அந்த மழை அடிக்கடி வராது என்றாலும், உங்கள் வீட்டுக் கழிவறை வழியாகத் தண்ணீர் ஏற அதில் பாதி மழையே போதும். அடுத்து ஃபிரிட்ஜ். அரசு அறிவித்த 5,000 ரூபாய் நிவாரணம் வந்திருந்தால் அது சுத்தம் செய்த கூலிக்கே சரியாகிவிடும். வாஷிங் மெஷினும் பீரோவும் சர்வேயரின் அறிக்கை வரும்வரை பொறுக்கட்டும். க்ளெய்ம் தொகை வந்தால், அந்த மிச்சக் கடன் வாங்கவே தேவைப்படாமல் போகலாம்.

நிறுவனம் க்ளெய்மை மறுத்தாலோ, நீங்கள் எழுதிக் கொடுத்த புகாருக்கு ஒரு மாதமாகியும் பதில் தராவிட்டாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்; புதுச்சேரி அவருடைய எல்லைக்குள் வருகிறது. கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. ஆனால் மறுப்புக் கடிதம் கிடைத்த ஓராண்டுக்குள் முறையிட வேண்டும் என்பதால், அந்தக் கடிதத்தின் உறையையும் தேதி முத்திரையோடு பத்திரப்படுத்துங்கள்.