கைடின் பெயரைக் கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள்

கேள்வி: வரும் ஆகஸ்டில் கென்யா போகிறோம். நான், கணவர், ஒன்பது வயது மகன், 68 வயது மாமியார். மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் நான்கு இரவுகள். மூன்று ஏஜென்சிகளிடம் விலை கேட்டோம். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் ஏணி வைத்தாலும் எட்டவில்லை. ஆனால் மூவருமே “அனுபவம் வாய்ந்த கைடு” என்றுதான் சொல்கிறார்கள். யாரை நம்புவது?
— கோவை வாசகி

பதில்: மூவரிடமும் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: “எங்களோடு வரப்போகும் கைடின் பெயர் என்ன?” இத்தனை மாதம் முன்னதாகப் பெயரை உறுதிசெய்ய முடியாமல் இருக்கலாம், அது தவறில்லை. “எங்களிடம் இந்த நான்கு பேர் இருக்கிறார்கள், இவர்களில் ஒருவர் வருவார்” என்றாவது சொல்ல வேண்டும். “கவலைப்படாதீங்க மேடம், எல்லாருமே நல்லவங்கதான்” என்று மழுப்பினால், அன்றைக்கு யார் சும்மா இருக்கிறாரோ அவர்தான் உங்களுக்கு வருவார் என்று அர்த்தம். ஜூலை முதல் அக்டோபர் வரை வில்டபீஸ்ட் (மாடு போல் தோன்றும் பெரிய மான் வகை) கூட்டம் மாராவில் இருக்கும் சீசன். நல்ல கைடுகளை முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்கிறவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

பெயர் கிடைத்ததும், கே.பி.எஸ்.ஜி.ஏ. அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். கென்யாவின் சஃபாரி கைடுகளுக்கான சங்கம் அது. 1996-இலிருந்து இயங்குகிறது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று படிகளில் தேர்வு வைக்கிறார்கள். வெண்கலம் நுழைவுப் படி. வெள்ளிக்குச் சில வருடக் கள அனுபவமும் அதன் பிறகு கடினமான தேர்வும் வேண்டும். தங்கம் வாங்கியவர்கள் நாடு முழுக்கத் தேடினாலும் மிகச் சிலர்தான். அவர்களைத் துரத்த வேண்டாம். வெள்ளி கிடைத்தால் மகிழ்ச்சி. ஆனால் அட்டை மட்டும் போதாது. பறவைகளின் பெயரை அடுக்கத் தெரிந்தும் ஒரு குழந்தையோடு பொறுமையாகப் பேசத் தெரியாதவர்கள் உண்டு. மாராவிலேயே பிறந்து, மாடு மேய்த்து வளர்ந்து, வெண்கலத்தோடு நிற்கும் மசாய் பழங்குடி இளைஞர்களில் சிலர் புல் அசைவதை வைத்தே கதை சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்று, உங்கள் பயணம் எந்த வகை என்று பாருங்கள். நைரோபியிலிருந்து ஐந்தாறு மணி நேரம் வண்டியிலேயே போகிறீர்கள் என்றால் ஓட்டுநரும் கைடும் ஒருவரே. கடைசி நாள் வரை அவர்தான். சிறிய விமானத்தில் போய் இறங்கினால், தங்கும் முகாமின் கைடு உங்களை ஏற்றிக்கொள்வார். அப்போது ஏஜென்சியை விட முகாமை விசாரிப்பதுதான் பயன். உங்கள் மாமியாருக்கு முதுகு வலி ஏதும் இருந்தால் நான் விமானத்தைத்தான் சொல்வேன்.

இப்போது விலைக்கு வருகிறேன். வெளிநாட்டவருக்கு மாரா நுழைவுக் கட்டணம் 2024-இலிருந்து ஜூலை முதல் டிசம்பர் வரை பெரியவருக்கு 200 டாலர். அதுவும் காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரைதான் செல்லும். இதை யாராலும் குறைக்க முடியாது. டீசல் விலையையும் குறைக்க முடியாது. அப்புறம் எப்படி ஒருவர் மட்டும் பாதி விலை சொல்கிறார்? ஒன்று, நுழைவுக் கட்டணத்தைச் சேர்த்திருக்க மாட்டார். இல்லையென்றால் அறையிலும் சாப்பாட்டிலும் கொஞ்சம் கிள்ளிவிட்டு, மீதிக்குக் கைடின் கூலியில் கை வைத்திருப்பார். கூலி குறைந்த கைடு டிப்ஸை நம்பி வாழ்கிறவர். டிப்ஸோ சிங்கம், சிறுத்தை தெரிந்தால்தான் வரும் என்று அவர் பழகியிருப்பார். விளைவு, ரேடியோவில் யாரோ “சூயி” என்றால் போதும் (சுவாஹிலியில் சிறுத்தை), பார்த்துக்கொண்டிருக்கும் யானைக் கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு வண்டி பறக்கும்.

என் முதல் பயணம் அப்படித்தான் அமைந்தது. ஒரு சிவிங்கிப்புலியை (சீட்டா) சுற்றிப் பதினான்கு வண்டிகள். நாங்கள் பதினைந்தாவது. மாரா விதிப்படி ஒரு விலங்கருகே ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது, 25 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது. எங்கள் ஓட்டுநர் இடுக்கில் புகுந்து எனக்கு “நல்ல போட்டோ” வாங்கித் தந்தார். தாய் வேட்டையைக் கைவிட்டுக் குட்டிகளோடு எழுந்து போய்விட்டது. மாராவில் செய்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, சுற்றுலா வண்டிகள் அதிகம் மொய்க்கும் பகுதிகளில் சிவிங்கிப்புலிகள் மிகக் குறைவான குட்டிகளையே வளர்த்து ஆளாக்குகின்றன என்று கண்டது. அதைப் படித்தபோது அந்த போட்டோவை ஆல்பத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

அடுத்த முறை வேறொருவர். நடுவெளியில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். மூன்று ஒட்டகச்சிவிங்கிகள் மெல்லுவதை நிறுத்திவிட்டு ஒரே புதரைப் பார்த்துக்கொண்டிருந்தன. நாற்பது நிமிடம் காத்திருந்தோம். கடைசிவரை எதுவும் வெளியே வரவில்லை. ஆனால் அதற்குள் காற்று எந்தப் பக்கம், இம்பாலா மான்கள் ஏன் சீறுகின்றன, எந்த மரத்தில் கழுகு ஏன் உட்கார்ந்திருக்கிறது என்று எங்களைக் கொண்டே சொல்ல வைத்துவிட்டார். அதன் பிறகு நான் எங்கே போனாலும் அவரைத்தான் கேட்கிறேன்.

ஆகவே, பணம் கட்டும் முன் கைடோடு பத்து நிமிடம் வீடியோ காலில் பேச வைக்கச் சொல்லுங்கள். “சிறுத்தை கட்டாயம் காட்டுவீர்களா?” என்று கேட்டுப் பாருங்கள். “கண்டிப்பாக” என்றால் ஜாக்கிரதை. “ஏற்கனவே பத்து வண்டி நின்றால் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். பதிலை விட, அவர் திரும்ப என்ன கேட்கிறார் என்பதைக் கவனியுங்கள். பையனுக்கு என்ன பிடிக்கும், மாமியாரால் எவ்வளவு நேரம் உட்கார முடியும், வண்டியில் ஒவ்வொருவருக்கும் ஜன்னல் வேண்டுமா என்று விசாரிப்பவர் வேலை தெரிந்தவர். மாமியாரை நடு வரிசையில் உட்கார வையுங்கள், பின்சக்கரத்துக்கு மேல் குலுக்கல் அதிகம் என்று தானாகச் சொன்னால் யோசிக்காமல் அவரையே எடுங்கள். (நடைசஃபாரி உங்களுக்குச் சரிவராது. பெரும்பாலான முகாம்களில் 12 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை.)

போன பிறகு சோதித்துப் பார்க்க ஒரு கேள்வி தருகிறேன். யானையின் கன்னத்தில் நீர் வழிவதைப் பார்த்தால் நமக்கு உடனே மதநீர் என்றுதான் தோன்றும். ஆப்பிரிக்க யானையில் பெண்ணுக்கும் அது வழியும், வெறும் பரபரப்பிலும் வழியும். ஆண் யானைக்கு மதம் என்றால் சிறுநீரும் விடாமல் சொட்டும். “இதற்கு மதமா?” என்று கேளுங்கள். பின்னங்கால்களைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறவரிடம் உங்கள் பையனை நம்பி ஒப்படைக்கலாம்.

முதல் நாள் காலையிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்: “எங்களுக்குப் பட்டியல் வேண்டாம். ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் நின்றாலும் சரி.” பல கைடுகள் இதைக் கேட்டதும் தோளைத் தளர்த்திச் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படியும் வண்டி பறந்துகொண்டே இருந்தால், அன்று மாலையே ஏஜென்சியிடமோ முகாம் மேலாளரிடமோ பேசி ஆளை மாற்றுங்கள். ஊருக்கு வந்து புகார் எழுதிப் பலனில்லை.

டிப்ஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்பீர்கள். பயணிகள் ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து டாலர் கைடுக்குக் கொடுப்பது அங்கே வழக்கம். கடைசி நாளில் கவரில் போட்டுக் கையில் கொடுங்கள். சிறுத்தை தெரியவில்லை என்று அதில் குறைக்காதீர்கள்.