ஞாயிறு காலை ஷட்டில், மதியம் தூக்கம், இரவு விழிப்பு

கேள்வி: எனக்கு வயது 42. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. திங்கள் முதல் சனி வரை நாற்காலிதான். ஞாயிறு காலை 6 முதல் 9 மணி வரை நண்பர்களுடன் ஷட்டில் ஆடுகிறேன். வீட்டுக்கு வந்து குளித்து, மதியம் பிரியாணி சாப்பிட்டுப் படுத்தால் மாலை 5 மணிக்குத்தான் எழுவேன். அன்று இரவு 1 மணி வரை தூக்கம் வராது. இரண்டு மாதமாகக் காலையில் எழுந்ததும் குதிகாலுக்கு மேலே பின்புறம் இறுகிக்கொண்டு வலிக்கிறது. கொஞ்ச தூரம் நடந்தால் குறைந்துவிடும். "கிடைப்பது ஒரு நாள் லீவு, அன்றாவது பேசாமல் படுங்கள்" என்கிறார் மனைவி. ஆட்டத்தை விட்டுவிடட்டுமா?
– வாசகர், திருச்சி

பதில்: விட வேண்டாம். ஆனால் இப்போது ஆடுவதைப்போல ஆடவும் வேண்டாம்.

முதலில் நல்ல செய்தி. பிரிட்டனில் சுமார் 90,000 பேரின் மணிக்கட்டில் அசைவை அளக்கும் கருவியைக் கட்டிப் பதிவு செய்து, பிறகு பல ஆண்டுகள் அவர்கள் உடல்நிலையைக் கவனித்த ஆய்வு 2023இல் வெளியானது. வாரத்துக்கான உடற்பயிற்சியில் பெரும்பகுதியை ஓரிரு நாளிலேயே முடித்தவர்களுக்கும், வாரம் முழுக்கப் பரப்பிச் செய்தவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாத ஆபத்து ஏறக்குறைய ஒரே அளவு குறைவாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சி, அல்லது 75 நிமிடக் கடும் பயிற்சி. ஷட்டில் அரங்கில் பாதி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து அரட்டை அடிப்பது எனக்கும் தெரியும். அதைக் கழித்தாலும் உங்கள் கணக்கு தேறிவிடும்.

இதயத்தின் கணக்கு தேறினாலும் தசைநாணின் கணக்கு இடிக்கிறது. காலைத் தொட்டுப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், நீங்கள் விவரிப்பது ஆடுசதையைக் குதி எலும்போடு இணைக்கும் தடித்த தசைநாணின் பாதிப்பைப் போலவே இருக்கிறது. ஒவ்வொரு தாவலிலும் உடல் எடையின் பல மடங்கு சுமை அதில் விழுகிறது. தசைக்குக் கிடைக்கும் ரத்த ஓட்டம் அதற்குக் கிடையாது. வலுவேறவும் ஆறவும் வாரக்கணக்கில் ஆகும். ஆறு நாள் சும்மா கிடந்ததை ஏழாம் நாள் மூன்று மணி நேரம் இழுத்தடித்தால் அது முறுக்கிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

இது சில சமயம் ஒரேயடியாக அறுந்துபோவதும் உண்டு. 30 முதல் 50 வயதுக்குள், வார இறுதியில் மட்டும் விளையாடும் ஆண்களிடம்தான் அதிகம் பார்க்கிறோம். 'டப்' என்று சத்தம் கேட்கும். பின்னால் இருப்பவர் மட்டையால் அடித்துவிட்டார் என்று திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். அடிபட்ட காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்க முடியாது. அப்படி ஆனால் எண்ணெய் தேய்த்து நீவிக்கொண்டிருக்காமல் அன்றே எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

இப்போதைக்குத் தாவி அடிக்கும் ஆட்டத்தை நிறுத்துங்கள். வலி குறைந்த பின் 45 நிமிடத்தில் தொடங்கி மெல்லக் கூட்டலாம். களத்தில் இறங்குமுன் பத்து நிமிடம் உடலைச் சூடேற்ற வேண்டும். பயிற்சி எளிது: சுவரைப் பிடித்து நின்று, குதிகால்களை உயர்த்தி, மூன்று எண்ணும் நேரத்தில் மெதுவாக இறக்குங்கள். 15 முறை, மூன்று சுற்று. லேசான வலி இருக்கலாம். மறுநாள் காலை கூடியிருந்தால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். பலன் தெரிய 12 வாரம்கூட ஆகலாம். பொறுமை இல்லாமல் அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி கேட்காதீர்கள், தசைநாண் அறுந்துபோகும் அபாயம் உண்டு. வயிற்றுப்போக்குக்கு மருந்துக்கடையில் தாமாகவே வாங்கிப் போட்டுக்கொள்கிறார்களே, சிப்ரோஃப்ளாக்சசின், அந்த வகை மாத்திரைகளும் தசைநாணைக் கெடுக்கக்கூடியவை. சமீபத்தில் சாப்பிட்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அடுத்து, மதியத் தூக்கம். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் தூக்கத்துக்கான அழுத்தம் ஏறுகிறது. மாலை 5 மணி வரை தூங்கி அதை இறக்கிவிட்டால் இரவு 10 மணிக்கு எதை வைத்துத் தூங்குவீர்கள்? 3 மணிக்கு முன்பாக அரை மணி நேரம் போதும், அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலும் தூக்கம் கண்ணைச் சுழற்றினால், வாரம் முழுக்கத் தூக்கக் கடன் வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். அதை ஒவ்வோர் இரவும் அரை மணி நேரம் முன்னதாகப் படுத்து அடையுங்கள்.

மனைவி சொல்வதில் பாதி நியாயம். ஓய்வு வேண்டும்தான், ஆனால் ஆறு நாள் உட்கார்ந்தே களைத்தவர் ஏழாம் நாள் படுத்துக் கிடந்தால் களைப்பு போகாது. செவ்வாய், வியாழன் மாலையில் 20 நிமிடம் வேகமாக நடங்கள். ஞாயிறு ஒரு நாளில் வந்து விழும் சுமை குறையும்.

40 வயதைக் கடந்திருக்கிறீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஆடும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைச்சுற்றல் வந்தால் 'வாயு' என்று சோடா குடிக்காமல் உடனே 108ஐ அழையுங்கள்.

பிரியாணியை யார் சமைக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மனைவி என்றால், அவருடைய லீவு எந்தக் கிழமை என்று கேட்டுப் பாருங்கள். ஷட்டிலில் மிச்சமாகும் இரண்டு மணி நேரத்தில் வெங்காயம் உரித்துக் கொடுங்கள். நின்றபடி உரித்தால் குதிகால் பயிற்சியில் ஒரு சுற்றையும் அங்கேயே முடித்துவிடலாம்.